அத்தை ஏறும் உயரம்

அவளைப் பட்டைக்காரி என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். லாரி, வேன், பிக்கப் எதுவானாலும் சக்கரத்துக்குப் பக்கத்தில் அடுக்கடுக்காக வளைந்து கிடக்குமே, அந்த ஸ்பிரிங் பட்டைகளைக் கழற்றி, தட்டி, வளைத்து, கட்டிக் கொடுப்பது அவள் தொழில். சம்மட்டியை ஓங்கினால் பட்டறைத் தகரம் அதிரும். வருகிறவர்கள் எல்லோருக்கும் ஒரே பாட்டுதான்: "வண்டி குந்திப்போச்சு, கொஞ்சம் தூக்கி விடு." இறக்கிக் கொடு என்று யாரும் அவளிடம் வந்ததில்லை. அப்படிப்பட்ட ஆள் கடைசியில் வீட்டுக்குள்ளேயே கிடைத்தார், மாமியார் ரூபத்தில்.

மாமியாரிடம் மூக்கு உருண்ட பழைய பிக்கப் ஒன்று இருந்தது. பச்சைப் பெயிண்ட் பாதி உதிர்ந்துவிட்டது. பார்க்கிற வாலிபர்களெல்லாம் விலைக்குக் கேட்பார்கள். அதில் பூச்செடித் தொட்டிகளை ஏற்றி வீடு வீடாக விற்றுத்தான் மகனை ஆளாக்கினார். "அதுக்கு வயசாயிடுச்சும்மா, வித்துடலாம்" என்று மகன் சொன்னால், "எனக்கும்தான் வயசாயிடுச்சு, என்னையும் சேர்த்து வித்துடு" என்பார்.

மாமியார் குளியலறையில் வழுக்கி விழுந்து, இடுப்பெலும்பு முறிந்து, ஆபரேஷன் ஆயிற்று. சில மாதம் கழித்து, இனி வண்டி ஓட்டலாம் என்று டாக்டரே சொல்லிவிட்டார். ஆனால் ஓட்டுவதற்கு முன்னால் ஏற வேண்டுமே! சீட் அந்த உயரம். ஒரு நாள் மகன் பாசம் பொங்கி, அம்மாவை அலாக்காகத் தூக்கி உள்ளே வைத்துவிட்டான். தெருவே வேடிக்கை பார்த்தது. மாமியார் ஊன்றுகோலால் அவன் முதுகில் ஒன்று வைத்தார்.

"நான் என்ன மூட்டையா? இனிமே என்னை எவனாவது தூக்கினா நடக்கிறதே வேற."

அதோடு வண்டிப் பக்கம் போவதை விட்டார். ஜன்னலோரம் உட்கார்ந்தார். குழம்பில் உப்பு கூடியிருந்தால்கூட வாயைத் திறக்கவில்லை. குறை சொல்லாத மாமியார் கிடைப்பது வரம் என்பார்கள். பட்டைக்காரிக்கோ அது வரமாகத் தெரியவில்லை. மனுஷி இப்படியே கரைந்து போய்விடுவாரோ என்று பயந்தாள்.

"அத்தை, உங்களைத் தூக்கினாத்தானே கோவம்? நான் வண்டியை இறக்கிடுறேன்."

மாமியார் திரும்பிப் பார்த்தார். "முடியுமா?"

"ஏத்தத் தெரிஞ்சவளுக்கு இறக்கத் தெரியாதா?"

"பேச்சுக்கு மட்டும் குறைச்சல் இல்ல. செய், பாப்போம்."

துருவேறிய போல்ட்டுகளை எண்ணெயில் ஊறவைத்து, நாலு சக்கரத்துப் பட்டைக் கட்டுகளையும் கழற்றினாள். ஒவ்வொரு கட்டிலும் இரண்டு பட்டைகளை உருவி ஓரமாகப் போட்டாள். மிச்சத்தின் வளைவைத் தட்டித் தட்டித் தட்டையாக்கினாள். வளைவு குறைந்தால் வண்டி தாழும், கணக்கு அவ்வளவுதான். எல்லாவற்றையும் திரும்பப் பூட்டி ஜாக்கியை இறக்கியபோது பிக்கப் தரையோடு தரையாக நின்றது. "என்னடி இது, வண்டி யாரைக் கும்பிடுது?" என்றான் கணவன்.

மாமியார் வந்தார். முதுகைக் காட்டி நின்று, மெல்ல சீட்டில் உட்கார்ந்து, ஒவ்வொரு காலாக உள்ளே எடுத்து வைத்தார். யார் கையையும் பிடிக்கவில்லை. சாவியைத் திருப்பினார். பட்டைக்காரிக்குப் பெருமை தாங்கவில்லை.

"மெதுவா ஒரு சுத்து சுத்திட்டு வந்துடுங்க அத்தை."

ஒரு சுற்றுக்குப் போனவர் மதியம்தான் திரும்பினார். வண்டி நிறையச் செடித் தொட்டிகள்! நேரே மொத்த வியாபாரியிடம் போய் ஏற்றி வந்திருக்கிறார். பட்டை குறைந்ததால் பாரம் தாங்காமல் பிக்கப் இன்னும் தாழ்ந்து சப்பென்று குந்தியிருந்தது. மாமியார் கதவைத் திறந்து கால்களை வெளியே வைத்தார். முட்டி மேலே, இடுப்பு கீழே. எழப் பார்த்தார், முடியவில்லை. மறுபடி பார்த்தார். முகம் சுருங்கிவிட்டது. கணவன் ஓடினான், ஊன்றுகோல் உயர்ந்ததும் நின்றான்.

"தொட்டியையாவது இறக்குறேம்மா."

"இறக்கிட்டு மறுபடி ஏத்துறது யாரு, உன் மாமனாரா?"

பட்டைக்காரி அசையாமல் நின்றாள். எந்த வண்டி வந்தாலும், எவ்வளவு பாரம் ஏற்றுவீர்கள் என்று கேட்காமல் அவள் ஸ்பேனரைத் தொடமாட்டாள். இந்த வண்டிக்கு மட்டும் கேட்கவில்லை. மறதியா என்றால் அதுவும் இல்லை. இனி இவர் என்ன பாரம் ஏற்றப் போகிறார் என்று மனசுக்குள் முடிவே கட்டியிருந்தாள். நினைத்தபோது அவளுக்கே வெட்கமாக இருந்தது.

ஜாக்கியை உருட்டி வந்து வண்டிக்கு அடியில் கொடுத்தாள்.

"ஏய், என்னைத் தூக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்கேன்."

"நான் வண்டியைத்தான் தூக்குறேன். அதுல நீங்க இருந்தா நான் பொறுப்பில்ல."

மாமியார் சிரித்துவிட்டார். ஜாக்கியை அழுத்த அழுத்த, தொட்டிகளும் செடிகளும் மாமியாருமாக வண்டி மேலே வந்தது.

"இன்னும்... இன்னும் கொஞ்சம்... நிறுத்து."

கதவைப் பிடித்தார், கோலை ஊன்றினார், எழுந்து நின்றார்.

பட்டைக்காரி ஜாக்கியை இறக்காமல், சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் நடுவே கையை விட்டு அந்த உயரத்தை அளந்துகொண்டாள். உருவிப்போட்ட பட்டைகளையும் தட்டையாக்கித் திரும்பக் கோக்க வேண்டும். அப்போது வண்டி தாழ்ந்தும் இருக்கும், பாரத்துக்குக் குந்தவும் செய்யாது. எழுந்தபோது அவள் கண் கலங்கியிருந்தது.

"தப்பு என்மேலதான் அத்தை. நீங்க மறுபடி வியாபாரத்துக்குப் போவீங்கன்னு நான் நினைக்கவே இல்ல."

மாமியார் ஒரு தொட்டியிலிருந்த பழுத்த இலையைக் கிள்ளிப் போட்டார்.

"நானும்தான் நினைக்கல" என்றார். "வண்டி தெருமுனை திரும்பினப்புறம்தான் தோணுச்சு."