அல்லிராணிக் கோட்டையில் ஒரு கயிறு

எனக்கு எழுபத்தாறு வயது. பெற்று வளர்த்தது ஐந்து பேர். இங்கே இத்தாலியில், லிபெர்த்தாத் தெருவில் நான் வேலைசெய்த சிஞ்ஞோரா வீட்டில் வளர்த்தது இரண்டு பேர். அவர்களும் இன்றுவரை என்னைக் கண்டால் ஓடிவந்து கட்டிப்பிடிப்பார்கள். ஆகவே பிள்ளை வளர்ப்பதைப் பற்றி எனக்கு ஒருவரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

உயிர்த்த ஞாயிறுக்கு மறுநாள் பலேர்மோவில் ஒருவரும் வீட்டில் இருப்பதில்லை. சோற்றையும் இறைச்சிக் கறியையும் கட்டிக்கொண்டு நாங்களும் புறப்பட்டோம். மருமகன் காரை ஒரு மலைமேல் ஏற்றினார். உச்சியில் இடிந்த கோட்டை, கீழே கடல், தூரத்தில் துறைமுகத்தை விட்டு வெளிக்கிடும் கப்பல். பேத்தி உடைந்த மதிலில் வயிற்றை வைத்து எட்டிப் பார்த்தாள். காற்றுக்கு என் சால்வையை அவள் இடுப்பில் கட்டிவிட்டிருந்தேன். அதன் நுனி நிலத்தில் கிடந்தது. நான் நினைப்பதற்கு முன்னரே என் கால் அதை மிதித்துவிட்டது.

"அம்மம்மா, ஏன் சால்வையை மிதிக்கிறியள்? ஊத்தையாகுது!"

அவளுக்குச் சொல்ல வேண்டிய பதிலை இதில் எழுதுகிறேன்.

எனக்கு அப்போது ஏழு வயது. மன்னார்க் கரையில், எங்கள் ஊருக்கு அருகே அல்லிராணிக் கோட்டை என்று ஒன்று உண்டு. பலேர்மோக்காரர் கண்டால் சிரிப்பார்கள். மலையென்றால் ஒரு செம்மண் மேடு. கோட்டையென்றால் நாலைந்து இடிசுவர். ஆனாலும் எங்கள் தட்டைக் கரையில் அதுதான் உயரம். கடற்பக்கம் மேடு செங்குத்தாக அறுந்து நிற்கும்.

அப்பா சங்கு குளிப்பவர். அந்தத் தொழிலில் ஒருவர் கல்லோடு கடலுக்கடியில் போவார். மற்றவர் வள்ளத்தில் நின்று அவருடைய கயிற்றைப் பிடித்திருப்பார். மூச்சு முடிந்து கீழேயிருந்து ஓர் இழுப்பு வந்தால் உடனே தூக்க வேண்டும். அந்தக் கயிற்றை மனைவியின் கூடப்பிறந்தவன் கையில்தான் கொடுப்பார்கள். தங்கச்சியை விதவையாக்க எந்த அண்ணனுக்கு மனம் வரும்?

அப்பாவின் கயிறு என் மாமாவின் கையில் இருந்தது. அந்த வருடம் கோயில் பெருநாளில், புனிதரின் சிலையை வைத்துத் தூக்கிவரும் சுருபக் கூட்டின் முன்பக்கத்தை யார் தோளில் தாங்குவது என்று இரண்டு பேருக்கும் சண்டை வந்தது. தன்னை இன்னார்தான் தூக்கவேண்டும் என்று புனிதர் கேட்கவில்லை. ஆனாலும் பேச்சு நின்றுபோனது. சங்கு குளிக்கும் காலமும் வந்தது. கூலிக்கு ஒருவனைப் பிடித்துவிட்டேன் என்றார் அப்பா. அன்று அம்மா சோற்றில் கை வைக்கவில்லை.

பின்னேரம் அப்பாவின் பழைய கயிற்றுத் துண்டொன்றைச் சுருட்டி எடுத்துக்கொண்டு, என்னையும் கூட்டிக்கொண்டு கோட்டைக்குப் போனாள். மாமா அங்கேதான் தனியே குந்தியிருந்து கடலைப் பார்ப்பார். கோபக்காரருக்கு உயரமான இடம் பிடிக்கும் போலும்.

"அண்ணை, நாளைக்கு வள்ளம் போகுது."

"போகட்டும். உன்ரை மனிசன் கூலிக்கு ஆள் பிடிச்சிட்டானாமே."

"கூலிக்கு வாறவன் வெத்திலை போடக் கயித்தை விடுவான்."

"விட்டால் என்ன? கூட்டை முன்னுக்கு நிண்டு தூக்கின தோள்தானே. தானாய் நீந்தி வரும்."

அம்மா கயிற்றை என் இடுப்பில் கட்டினாள். மேட்டின் விளிம்பில் அடம்பன்கொடி பூத்திருந்தது.

"ஓடிப்போய் அந்தப் பூவை ஆய்ஞ்சு கொண்டு வா, பிள்ளை."

மறுநுனியை மாமாவிடம் நீட்டினாள். அவர் கையைக் கட்டிக்கொண்டு இருந்தார். அம்மா கயிற்றைக் கீழே விட்டாள்.

நான் ஓடினேன். எனக்கு அது விளையாட்டு. விளிம்பில் மண் பொலபொலவென்று சரிந்தது. உடனே இடுப்பு இறுகியது, பின்பக்கமாய் விழுந்தேன். திரும்பிப் பார்த்தால் மாமா முழங்காலில் நின்றார். கயிறு அவருடைய இரண்டு கையிலும் சுற்றியிருந்தது.

"விசரி! உனக்கென்ன விசரே!" என்று அம்மாவைப் பார்த்துக் கத்தினார். கத்திக்கொண்டே அழுதார்.

அம்மா நின்ற இடத்தை விட்டு அசையவில்லை. அவளுடைய வலது கால் கயிற்றின்மேல் இருந்தது. விரல்கள் செம்மண்ணுக்குள் புதைந்திருந்தன.

கையில் சுற்றிய கயிற்றை அவிழ்த்துக்கொண்டே மாமா கேட்டார். "நாளைக்கு எத்தினை மணிக்கு வள்ளம்?"

"விடிய முந்தி, அண்ணை."

அடுத்த நாள் மாமா போனார். அதன்பிறகு ஒரு நாளும் போகாமல் விடவில்லை. அப்பா வயது போய், வீட்டுக் கட்டிலில்தான் இறந்தார்.

அன்று திரும்பி வரும் வழியெல்லாம் அம்மா நொண்டினாள். முள்ளுக் குத்திவிட்டது என்றாள். வீட்டுக்கு வந்ததும் அவளுடைய காலை என் மடியில் வைத்து முள்ளைத் தேடினேன். உள்ளங்காலின் குறுக்கே கயிற்றின் அகலத்துக்குத் தோல் நீளமாய் உரிந்திருந்தது, முள் அகப்படவில்லை. கயிறு கிடந்ததையும் பார்க்காமல் மிதித்தாள், முள்ளையும் பார்க்காமல் மிதித்தாள், பாவம், அம்மாவுக்குக் கண் சரியாகத் தெரிவதில்லை என்று அந்த வயதில் நினைத்துக்கொண்டேன்.

இவ்வளவுதான். வா பிள்ளை, சால்வையை ஏன் மிதிச்சனான் எண்டு கேட்டியே, இதிலை இரு. நான் எழுதினதை ஒருக்கால் வாசி பாப்பம். அம்மாவின்ரை கால் வாற இடத்திலை மட்டும் அவசரப்படாதை.