பெயர் எழுதாத ஜெபக் குறிப்பு

ஒரு சகோதரி மருந்து வாங்க வரவில்லை. அதற்குக் காரணம் நான்.

சபையில் சாட்சி சொல்ல எழுந்து நிற்பவர்கள் தங்களுக்கு வந்த வியாதியைச் சொல்வார்கள், தங்கள் வீட்டுக்கு வந்த ஆபத்தைச் சொல்வார்கள். என் சாட்சியில் ஆபத்து இன்னொருவருக்கு வந்தது. வரவழைத்தது என் கை. அந்தச் சகோதரியின் பெயரை இங்கே எழுத மாட்டேன். அவருடைய சம்மதத்தோடு, அவரை அடையாளம் காட்டக்கூடிய சில விவரங்களை மாற்றித்தான் எழுதுகிறேன். யாராக இருக்கும் என்று யோசிக்கத் தோன்றினால் இந்த வரியோடு படிப்பதை நிறுத்திவிடுங்கள்.

நான் மருந்தாளர். மலேசியாவில் கோல சிலாங்கூர் வட்டாரத்தில் ஓர் அரசாங்க கிளினிக்கில் வேலை. அப்பா எண்ணெய்ச் செம்பனைத் தோட்டத்தில் குலை அறுப்பவர், அம்மா உதிர்ந்த பழம் பொறுக்குபவர். அப்பா பக்கத்திலும் அம்மா பக்கத்திலும் பள்ளியில் மூன்றாம் படிவத்தைத் தாண்டியவர் எனக்கு முன் யாருமில்லை. நான் தாண்டினேன். பல்கலைக்கழகத்துக்குப் போனேன். வெள்ளைக் கோட்டில் என் பெயர் தைத்திருக்கிறது. இதில் எனக்குப் பெருமை உண்டு, இன்றைக்கும் உண்டு. எங்கள் சபைக்கும் இருந்தது. அந்தப் பெருமைதான் முதலில் என் கண்ணை மறைத்தது.

எங்கள் கிளினிக்கில் எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு மருந்து கொடுக்கிறோம். தினமும் தவறாமல் சாப்பிட்டால் அவர்கள் நம்மைப் போலவே வேலை செய்து, பிள்ளை பெற்று, பேரன் எடுத்து வாழலாம். தாய் ஒழுங்காகச் சாப்பிட்டால், பிறக்கும் பிள்ளைக்குக் கிருமி போகாமல் பெரும்பாலும் காப்பாற்றிவிடலாம். விட்டுவிட்டால் கிருமி மறுபடி தலைதூக்கும். மருந்து கொடுப்பது பாதி வேலைதான். விடாமல் சாப்பிட வைப்பது மீதிப் பாதி. அதற்காக மருந்தக உதவியாளர்களுக்கும் தாதியருக்கும் தோட்டங்களிலிருந்து வரும் தொண்டர்களுக்கும் சனிக்கிழமைகளில் பயிற்சி கொடுக்கிறோம். தமிழ் வகுப்பு என் பொறுப்பு.

மீதமுள்ள மாத்திரையை எண்ணிப் பார்ப்பது எப்படி, ஒரு நாள் விட்டேன் என்று சொல்பவரைத் திட்டாமல் கேட்பது எப்படி, வாந்தி வந்தால் என்ன செய்வது என்றெல்லாம் சொல்லிக் கொடுப்பேன். எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு பாடம். கேட்ட ரகசியம் நம்மோடு நிற்க வேண்டும். கணவரிடம் சொல்லக்கூடாது, அதிகாரியிடம் தேவையில்லாமல் சொல்லக்கூடாது, பெற்ற தாயே கேட்டாலும் வாயைத் திறக்கக்கூடாது. இதை ஒவ்வொரு சனிக்கிழமையும் மேசையைத் தட்டிச் சொன்னேன்.

அப்படிச் சொன்ன நான்தான் எழுதினேன்.

அந்தச் சகோதரி ஏழு மாதக் கர்ப்பிணி. கணவரைப் பிரிந்து தோட்டத்தில் அக்காள் வீட்டுக்கு வந்திருந்தார். எங்கள் சபைக்கும் வரத் தொடங்கியிருந்தார். முதல் நாள் என் மேசைக்கு எதிரே உட்கார்ந்து அவர் கேட்டது ஒரே கேள்வி. "புள்ளைக்கு வராம இருக்குமா மிஸ்?" வராமல் இருக்க என்னென்ன செய்ய வேண்டுமோ எல்லாவற்றையும் சொன்னேன். மாத்திரை கொடுத்தேன். மனம் மட்டும் ஆறவில்லை.

எங்கள் சபையில் வெள்ளிக்கிழமை உபவாச ஜெபம் உண்டு. வாசலில் ஒரு பெட்டி இருக்கும். ஜெபக் குறிப்பைத் துண்டுத் தாளில் எழுதிப் போடுவோம். பாஸ்டர் ஒவ்வொன்றாக எடுத்து உரக்க வாசிப்பார், சபை சேர்ந்து ஜெபிக்கும். வேலை கிடைக்க, குடியை விட, பரீட்சையில் தேற என்று எத்தனையோ துண்டுகள். நானும் ஒன்று எழுதினேன். பெயர் எழுதவில்லை. 'கணவரைப் பிரிந்து வந்திருக்கும் ஒரு கர்ப்பிணிச் சகோதரி. தினமும் மாத்திரை சாப்பிடுகிறார். பிள்ளைக்கு நோய் தொற்றாமல் பிறக்க ஜெபிக்கவும்.' பெயர் இல்லையே, பாதுகாப்பாக எழுதிவிட்டேன் என்று நினைத்தேன். அறுபது பேர் வரும் சபையில், கணவரைப் பிரிந்த கர்ப்பிணி எத்தனை பேர் இருக்கப் போகிறார்கள்? அதை நான் யோசிக்கவில்லை.

பாஸ்டருக்கு என் கையெழுத்து தெரியும். வாசித்து முடித்ததும் சந்தோஷமாக, "இது நம்ம மருந்தாளர் தங்கச்சி எழுதினது, பாருங்க எவ்வளவு பாரம்" என்றார். கெட்ட எண்ணம் இல்லை. நான் சனிக்கிழமைகளில் எந்த வியாதிக்கு வகுப்பு எடுக்கிறேன் என்பது சபைக்கே தெரியும். எல்லாரும் கண்ணை மூடி ஜெபித்தார்கள். கண்ணைத் திறந்தபோது பாதிப் பேருக்கு யாரென்று தெரிந்துவிட்டது.

அந்தச் சகோதரியும் அங்கேதான், பின்வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை அவர் ஆராதனைக்கு வரவில்லை. அவர் அக்காளின் பிள்ளைகளோடு விளையாடக் கூடாது என்று பக்கத்து வீட்டார் தங்கள் பிள்ளைகளிடம் சொல்லியிருந்தார்கள். மறுநாள் அவருடைய போன் அணைத்துக் கிடந்தது. செவ்வாய்க்கிழமை மருந்து வாங்க வேண்டிய நாள். அவர் வரவில்லை. அக்காள் வீட்டுக்குப் போனேன். கதவைப் பாதி திறந்து, "இங்க இல்ல. நீங்க எழுதினதெல்லாம் போதும்" என்றார் அக்காள். கதவு மூடியது. அவர் பேசியது நியாயம்.

கையில் இருக்கும் மாத்திரை புதன்கிழமையோடு தீரும் என்று எனக்குத் தெரியும். எண்ணிக் கொடுத்தவள் நான்தானே.

நான் செய்ததை யாரும் கண்டுபிடிப்பதற்கு முன் நானே எழுதி என் தலைமை மருந்தாளரிடம் கொடுத்தேன். சீன அம்மையார், கண்டிப்பானவர். படித்துவிட்டு மேலிடத்துக்கு அனுப்பினார். பிறகு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. எச்.ஐ.வி. நோயாளிகளின் கோப்புகளை நான் தொடக்கூடாது என்றார்கள். அதையும் ஏற்றுக்கொண்டேன். தமிழ் வகுப்பையே நிறுத்திவிடலாமா என்று பேச்சு வந்தபோது மட்டும் ஏற்றுக்கொள்ளவில்லை. தப்பு என்னுடையது, வகுப்புடையது அல்ல. என்னை நிறுத்துங்கள், வகுப்பை நிறுத்தினால் தோட்டத்து ஆட்களிடம் அவர்கள் மொழியில் யார் பேசுவார்கள் என்று கேட்டேன். வகுப்பு நின்றுவிடவில்லை. நான் கடைசி வரிசையில் உட்கார, ஒரு தாதி நடத்தினார்.

அடுத்த ஞாயிறு சபையில் சாட்சி நேரத்தில் எழுந்தேன். அந்தக் குறிப்பை எழுதியது நான், எழுதியிருக்கக் கூடாது, யாருக்கும் அதைப் பேச உரிமை இல்லை என்றேன். முன்வரிசையில் ஒரு மூத்த சகோதரி திரும்பிப் பார்த்தார். நான் சிறுபிள்ளையாக இருந்த காலத்திலிருந்து எனக்கு ஞாயிறு பள்ளி எடுத்தவர்.

"அதெல்லாம் சரிம்மா. அது எப்படி வந்துச்சுன்னு அவங்கதானே கர்த்தர்கிட்ட கணக்குச் சொல்லணும்?"

அவர்மேல் எனக்கு மரியாதை உண்டு. அன்றைக்கு அந்த மரியாதையோடேயே பதில் சொன்னேன்.

"எப்படி வந்துச்சுன்னு நானும் கேக்கல ஆன்ட்டி, மருந்தும் கேக்கல. நல்லவங்களுக்கு மட்டும்னு எந்த டப்பாவுலயும் எழுதிக் கொடுக்கல."

ஒருவரும் ஆமென் சொல்லவில்லை. நான் உட்கார்ந்தேன்.

வெளியே இப்படி நின்றாலும், உள்ளே உடைந்து கிடந்தேன். அவர் மருந்து வாங்க வராத அந்தச் செவ்வாய்க்கிழமையிலிருந்தே, மதிய இடைவேளையில் எல்லாரும் சாப்பிடப் போன பிறகு மருந்துக் கிடங்குக்குள் போவேன். அட்டைப் பெட்டிகளுக்கு நடுவே முழங்கால் போடுவேன். ஒரு மாதத்துக்கு, இரண்டு மாதத்துக்கு, எத்தனையோ பேருக்கு என்று மருந்து அடுக்கி வைத்த இடம் அது. அந்த ஒருவருக்கு மட்டும் அதில் ஒரு மாத்திரை போய்ச் சேரவில்லை. அடக்கமான ஜெபம் ஒன்றும் நான் செய்யவில்லை. சண்டை போட்டேன். "ஆண்டவரே, தப்பு செஞ்சது நான். தண்டனையை ஏன் பிள்ளை வாங்கணும்? என் வேலை போனாலும் பரவாயில்லை. அவங்க கையில மருந்து இருக்கணும். அவங்க என்னை மன்னிக்கணும்." இந்த இரண்டையும் கேட்டேன். தினமும் கேட்டேன். பதில் வரவில்லை. இனி மருந்தாளராக இருக்க எனக்குத் தகுதி இல்லை என்று ராஜினாமா கடிதம்கூட எழுதினேன்.

அடுத்த சனிக்கிழமை வகுப்பு முடிந்ததும் பார்வதி அக்கா நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார். அவர் தோட்டத்து ஆயக் கொட்டகையில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்பவர், எங்கள் தொண்டர்களில் ஒருவர். நெற்றியில் பெரிய குங்குமம் வைத்திருப்பார். அந்தச் சகோதரி இருந்த அதே தோட்டம். அவரிடம் போய் நேராகக் கேட்டேன். அந்தச் சகோதரி எங்கே இருக்கிறார், தெரியுமா?

பார்வதி அக்கா நாற்காலியைக் கீழே வைத்தார்.

"சொல்ல மாட்டேன் மிஸ்."

தெரியாது என்று அவர் சொல்லவில்லை. நான் மருந்தாளர், அவருடைய நன்மைக்குத்தான் கேட்கிறேன் என்று என்னென்னவோ சொன்னேன்.

"பெத்த தாயே கேட்டாலும் வாயத் தொறக்காதன்னு மேசையத் தட்டிச் சொன்னது யாரு? எங்கம்மாவுக்கே சொல்லக் கூடாதாம். நீங்க என்ன எங்கம்மாவ விட ஒசத்தியா லா?"

அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. எனக்குக் கொடுக்க வேண்டிய சரியான அடியைச் சரியான ஆள் கொடுத்தார். பிறகு வேறு மாதிரி கேட்டேன். இடம் வேண்டாம், எதுவும் வேண்டாம். மாத்திரை சாப்பிடுகிறாரா என்பதை மட்டும் நான் தெரிந்துகொள்ளலாமா என்று அவரிடமே கேட்டு வாருங்கள். அவர் வேண்டாம் என்றால் விட்டுவிடுகிறேன்.

திங்கட்கிழமை காலையில் பார்வதி அக்கா கிளினிக்குக்கு வந்தார். மருந்து வாங்குபவர் போல வரிசையில் நின்று, தன் முறை வந்ததும் கண்ணாடிக்குக் கீழே குனிந்தார்.

"ஒரு நாளும் விடலன்னு சொல்லச் சொன்னாங்க. அவ்ளோதான் சொல்லச் சொன்னாங்க."

திரும்பிப் போய்விட்டார். நான் அடுத்த எண்ணை அழைக்க முடியாமல் நின்றேன்.

மீதிக் கதை பிறகுதான், அந்தச் சகோதரி அனுமதித்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. குறிப்பு வாசிக்கப்பட்ட அந்த வார ஞாயிறன்றே அவர் பார்வதி அக்கா வீட்டுக் கதவைத் தட்டியிருக்கிறார். நம்மில் ஒருவர் வீட்டை அவர் தட்டவில்லை. அதை யோசித்துப் பாருங்கள். மறுநாள் காலையில் இருவரும் பஸ் ஏறி வடக்கே, சுங்கை பெசார் பக்கம் போனார்கள். பார்வதி அக்காவின் சொந்தக்காரர் வீட்டில் தங்க இடம் கிடைத்தது. வகுப்பில் படித்தபடியே அக்கா காலி டப்பாவையும் மருந்து அட்டையையும் எடுத்துக்கொண்டு அங்கிருந்த கிளினிக்குக்கு அழைத்துப் போயிருக்கிறார். கையிலிருந்த கடைசி மாத்திரை தீர்வதற்குள் புது மாத்திரை வந்துவிட்டது. நான் கிடங்கில் முதல் தடவை முழங்கால் போட்ட நாளில் பதில் பஸ் ஏறி ஒரு நாள் ஆகிவிட்டிருந்தது. அதைச் சுமந்துகொண்டு போனவர் நம் சபையைச் சேர்ந்தவர் அல்ல. இதைச் சொல்லும்போது சிலருக்குச் சங்கடமாக இருக்கிறது. இருக்கட்டும். ஆண்டவர் யாரை அனுப்புவார் என்பதற்கு நம்மிடம் அவர் கையெழுத்து வாங்குவதில்லை.

பிள்ளை பிறந்தது. சொன்னபடி மருந்து கொடுத்தார்கள். மறுபடி மறுபடி இரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். ஒவ்வொரு முறையும் கிருமி இல்லை. கடைசிப் பரிசோதனையும் முடிந்துவிட்டது. இல்லை.

இப்போது அந்தச் சகோதரி எங்கள் கிளினிக்கிலேயே மருந்து வாங்குகிறார். அவராகவே திரும்பி வந்தார். எனக்குக் கோப்புகளைத் திருப்பிக் கொடுத்த பிறகு ஒரு நாள் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு என் எதிரே நின்றார். எப்படி மன்னிப்புக் கேட்பது என்று எத்தனையோ நாள் மனப்பாடம் செய்திருந்தேன். ஆரம்பித்ததுமே கையைக் காட்டி நிறுத்தினார்.

"மன்னிச்சிட்டேன்னு நெனைக்காதீங்க. ஊருக்குப் பயந்து ஓடுறது போதும்னு வந்தேன். மருந்தக் கொடுங்க."

கொடுத்தேன். எண்ணிக் கொடுத்தேன்.

நான் இரண்டு கேட்டேன். ஆண்டவர் பெரியதைக் கொடுத்தார். மற்றது அந்தச் சகோதரியின் கையில் இருக்கிறது. அது அவர் இஷ்டம். நான் அவசரப்படுத்த மாட்டேன். ராஜினாமா கடிதத்தைக் கிழித்துவிட்டேன்.

சனிக்கிழமை வகுப்பு மறுபடி என் பொறுப்பு. முதல் பாடமாக என் தப்பைச் சொல்கிறேன், ஒன்றையும் பூசாமல். சபையில் ஜெபக் குறிப்புகளை இப்போது யாரும் வாசிப்பதில்லை. இதற்குப் பாஸ்டரோடு மூன்று வாரம் வாதாடினேன். வாசிக்காமல் சபை எப்படி ஒருமனமாக ஜெபிக்கும் என்று கேட்டார். கர்த்தருக்கு நாம் விலாசம் சொல்லத் தேவையில்லையே ஐயா என்றேன். மடித்த தாள்கள் மடித்தபடியே மேசையில் இருக்கின்றன. பாஸ்டர் அவற்றின் மேல் கை வைக்கிறார், நாங்கள் ஜெபிக்கிறோம். பெட்டி முன்பைவிடச் சீக்கிரம் நிறைகிறது.

இதைப் படிக்கிறவர்களில் மருந்து வாங்கப் பயந்து தள்ளிப் போடுபவர் இருக்கலாம். உங்களுக்குத்தான் எழுதினேன். ஆண்டவரை நம்புங்கள். நம்பிக்கொண்டே மாத்திரையையும் விழுங்குங்கள், இரண்டும் ஒன்றோடொன்று சண்டை போடுவதில்லை. மருந்தை நிறுத்தினால்தான் விசுவாசம் என்று யாராவது சொன்னால் அவரை என்னிடம் அனுப்புங்கள். வெட்கப்பட வேண்டியவர் நீங்கள் இல்லை. கேட்டதைப் பேசித் திரிந்தவர்கள் வெட்கப்படட்டும். நானும் அவர்களில் ஒருத்தியாக இருந்தேன், இனி இல்லை.

எழுதி முடித்ததை முதலில் அந்தச் சகோதரியிடம்தான் கொடுத்தேன். மேசைக்கு எதிரே உட்கார்ந்து, பிள்ளை மடியில் தூங்க, முழுக்கப் படித்தார். இரண்டு வரியை அடிக்கச் சொன்னார். ஒரு வரியில் அவர் அழுததாக எழுதியிருந்தேன்.

"நான் எங்க அழுதேன்? அத எடுத்துடுங்க. அழுதது நீங்க."

எடுத்துவிட்டேன்.