சைகோனில் ஐந்து நாள்: கடல் இளவரசி என்னிடம் சொல்லாதது

சைகோன் போய்வந்தேன் என்று ஒரு வரி போட்டதற்கே எவ்வளவு செலவாயிற்று, எங்கே தங்கினீர்கள் என்று ஆளாளுக்குக் கேட்டுவிட்டீர்கள். விசா, ரயில், சாப்பாடு எல்லாம் இதில் இருக்கிறது. ஆனால் இந்தப் பயணத்தில் என்னைத் தூக்கிவாரிப் போட்ட விஷயம் வேறு. அதை மறைத்துவிட்டு டாக்ஸிக் கட்டணத்தை மட்டும் எழுத எனக்குக் கை வரவில்லை.

போன பிப்ரவரிக் கடைசியில் கிளம்பினேன். காரணம் இரண்டு. என் ஒரே மகள் தாரிணி மூன்று வருடமாக அங்கே தூ டுக் பகுதியில், ஹைடெக் பூங்காவில் இன்ஜினியராக இருக்கிறாள். அவளைப் பார்க்க வேண்டும். அடுத்தது, நான் எழுதிவரும் ‘கட்டிலடி நாடு’ வரிசையின் ஐந்தாம் பாகம் நூற்றுப்பத்தாம் பக்கத்தில் படுத்துக்கொண்டு எழ மறுத்தது. புது ஊரைக் காட்டினால் எழுந்து நடக்கும் என்று நினைத்தேன். எது முக்கியக் காரணம் என்று யாராவது கேட்டிருந்தால் மகள்தான் என்று கூசாமல் சொல்லியிருப்பேன். பெட்டியில் அவளுக்கு ஒரு டப்பா பருப்புப் பொடியும் எனக்கு மூன்று புது நோட்டும் இருந்தன.

என்னைப் புதிதாகப் படிப்பவர்களுக்குக் கொஞ்சம் முன்கதை. நான் மாயக்கதை எழுதுகிறவள். தாரிணிக்கு நாலு வயதில், கட்டிலுக்கு அடியில் ஒரு நாடு இருக்கிறது என்று சொல்லத் தொடங்கியது இன்னும் முடியவில்லை. பகலில் கூட்டுறவு வங்கி வேலை. மாலையில் ஒரு கையால் அவளுக்குச் சோறு, இன்னொரு கையில் வாடகை நூலகப் புத்தகம். அவளுடைய டியூஷன் வாசலில் ஸ்கூட்டி சீட்டின்மேல் நோட்டை விரித்து வைத்து எழுதியதுதான் முதல் பாகம். அதில் வரும் கடல் இளவரசி நித்திலாவை எல்லோருக்கும் பிடிக்கும். தினமும் விடியும்போது அவளுடைய படுக்கை கடலாகியிருக்கும். அந்தப் புத்தகத்தை ‘ஒவ்வொரு விடியலிலும் கடலில் கண்விழித்த என் தாரிணிக்கு’ என்று சமர்ப்பித்திருந்தேன்.

இனி பயணம். இ-விசா இருபத்தைந்து டாலர், ஐந்தாம் நாள் மின்னஞ்சலில் வந்தது. திருச்சியிலிருந்து நேர் விமானம், நாலரை மணி நேரம். வெள்ளிக்கிழமை காலை அந்த ஊர் நேரம் ஏழு மணிக்கு இறங்கினேன் (நம் கடிகாரத்தைவிட ஒன்றரை மணி முன்னே). குடிநுழைவு வரிசையில் ஒரு மணி பத்து நிமிடம். தாரிணி வெளியே காத்திருந்தாள். இளைத்திருந்தாள். வேலை அதிகம்மா என்றாள், நானும் நம்பினேன்.

டாக்ஸி ஓட்டுநர் சிக்னலில் கைப்பேசியில் ஏதோ பேச, அது மொழிபெயர்த்து நல்ல தமிழில் என்னைப் பார்த்து, “உங்கள் வயது என்ன? உங்களுக்கு எத்தனை குழந்தைகள்?” என்று கேட்டது. முன்பின் தெரியாத ஆள் கேட்கிற கேள்வியா இது? தாரிணி சிரித்தாள். “வயசு தெரிஞ்சாதாம்மா அவருக்கு உன்னை அக்கான்னு கூப்பிடறதா, அத்தைன்னு கூப்பிடறதான்னு தெரியும். இங்க மரியாதையே அதுதான்.” ஐம்பத்துநாலு, ஒரு பெண் என்றேன். “மகள் உங்களுக்கு அருகில் இருக்கிறாள், நீங்கள் அதிர்ஷ்டசாலி” என்றது கைப்பேசி. பதினெட்டு கிலோமீட்டர், ஐம்பத்தைந்து நிமிடம், இரண்டு லட்சத்துப் பத்தாயிரம் டோங். பயப்படாதீர்கள், நம் காசில் எழுநூறு ரூபாய்.

அந்தப் போக்குவரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. ஒரு பைக்கில் குளிர்சாதனப் பெட்டியைக் கட்டி ஒருவர் போகிறார். இன்னொன்றில் அப்பா, அம்மா, இரண்டு பிள்ளை, ஒரு நாய். தெருவைக் கடக்க நான் பத்து நிமிடம் நின்றேன். ஓடக்கூடாது, நிற்கவும் கூடாது, ஒரே சீராக நடந்தால் பைக்குகள் தாமே விலகிப் போகும் என்றாள் மகள். உண்மைதான். ஆனால் முதல்முறை நான் அவள் கையை விடவே இல்லை.

சனிக்கிழமை பிற்பகல் பூ மி ஹங் போனோம். தூ டுக்கிலிருந்து இருபது கிலோமீட்டர், டாக்ஸியில் ஒரு மணி நேரம். அடுக்குமாடிகளும் வெளிநாட்டுக் குடும்பங்களும் பள்ளிகளுமாக, கோடு போட்டு வரைந்த மாதிரி ஒரு புதுநகரம். அங்கே இருக்கும் தமிழ்ப் பெண்கள் ஏழெட்டுப் பேர் என் புத்தகங்களைப் பிள்ளைகளுக்குப் படித்துக் காட்டுவார்களாம். நான் வருவது தெரிந்து அழைத்திருந்தார்கள். காரைக்காலைச் சேர்ந்த நஸ்ரின் வீட்டில், பதினெட்டாம் மாடியில் கூட்டம். தாரிணி அவரை ‘லாத்தா’ என்று கூப்பிட்டாள். எங்களூர் அக்கா மாதிரி அவர்கள் பக்கத்து வழக்கம். இவ்வளவு நெருக்கம் எப்போது வந்தது என்று ஒரு கணம் தோன்றியது. அதற்குள் நஸ்ரின் என் கையைப் பிடித்துக்கொண்டு, “வாங்கம்மா, வாங்க. ஒங்க புக்க எங்க புள்ளைவோ மனப்பாடமா சொல்லும்” என்றதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. புகழ்ச்சி என்றால் நான் அப்படித்தான்.

சமோசா வந்தது, கேள்விகள் வந்தன. சென்னைக்காரப் பெண் ஒருத்தி முதல் பாகத்தைத் திறந்து சமர்ப்பணத்தைச் சத்தமாகப் படித்துவிட்டு, “மேம், இதுக்கு என்ன அர்த்தம்?” என்றாள்.

நான் சொன்னேன். எத்தனையோ மேடையில் சொல்ல ஆசைப்பட்டு, சொல்லாமல் பூட்டி வைத்திருந்த கதை அது. “அதுவா? பத்து வயசு வரைக்கும் இவ பாயை நனைப்பா. தினம் காலைல எழுந்து அழுவா. நீ நனைக்கலடி, கடல் வந்து உன்னைப் பாத்துட்டுப் போயிருக்குன்னு சொல்லுவேன். அங்கதான் நித்திலா பொறந்தா. ஸ்கூல்ல ஃப்ரெண்ட்ஸ்கூட இவளைக் கடல் இளவரசின்னுதான் கூப்பிடுவாங்க.”

கைதட்டல். ஒரு சின்னப் பெண் தாரிணியைப் பார்த்து, “ஆன்ட்டி இப்பவும் போவாங்களா?” என்று கேட்க, கூடம் முழுக்கச் சிரிப்பு. நானும் சிரித்தேன். தாரிணி தட்டை டீப்பாயில் வைத்துவிட்டு பால்கனிக்குப் போனாள். ஏதோ போன் வந்திருக்கிறது என்று நினைத்தேன். இருபத்தேழு வயதுப் பெண்ணை அத்தனை பேர் நடுவில் உட்கார வைத்து நான் என்ன செய்தேன் என்று எனக்கு உறைக்கவே இல்லை, பாருங்கள்.

டீக்கு உதவலாம் என்று சமையலறைக்குப் போனேன். நஸ்ரின் பாலைப் பார்த்துக்கொண்டே மெல்லச் சொன்னார். “அம்மா, தப்பா நெனைக்காதிய. அந்தக் கதய இனிமே சொல்லாதிய. ஒங்க புள்ளைக்குப் புடிக்காது.”

“யாரு சொன்னா?”

“அதுவேதான். போன வருசம் ஆபரேசன் முடிஞ்சு பதினோரு நாளு இங்கதானே இருந்துச்சு? நாந்தான் கஞ்சி வச்சுக் குடுத்தேன். புள்ளைவளுக்குப் படிக்கலாமுன்னு ஒங்க புக்க எடுத்தேன். அது செவுத்துப் பக்கமாத் திரும்பிப் படுத்துக்கிடுச்சு.”

“என்ன ஆபரேஷன்?”

நஸ்ரினின் கரண்டி நின்றது. “அல்லா. ஒங்களுக்குத் தெரியாதா?”

தெரியாது. என் பெண்ணை அறுத்துத் தைத்திருக்கிறார்கள், அதுவும் கடல் தாண்டி, யாரோ ஒரு புண்ணியவதி கஞ்சி ஊட்டியிருக்கிறாள். நான் அந்தப் பதினோரு நாளும் திருச்சியில் உட்கார்ந்து நாலாம் பாகத்துக்குப் பிழை திருத்திக்கொண்டிருந்திருக்கிறேன். சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டேன்.

இதைவிடக் கேவலமான ஒன்றைச் சொல்ல வேண்டும். கண்ணீர் வருவதற்கு முன்னால் எனக்கு ஒரு வாக்கியம் வந்தது. ‘இளவரசியைக் கீறித் திறந்தபோது அந்த நாட்டில் அவளுக்காக அழ ஒருவரும் இல்லை.’ அன்று மாலை வீடு திரும்பியதும், தாரிணி குளிக்கப் போன பத்து நிமிடத்தில், அதையும் அதற்கு அடுத்த வரியையும் நோட்டில் எழுதிவிட்டேன். கை தானாக எழுதியது என்று சமாதானம் சொல்ல மாட்டேன். நான்தான் எழுதினேன்.

ஞாயிற்றுக்கிழமை மெட்ரோ. ஹைடெக் பூங்கா நிலையத்திலிருந்து நகர மையத்திலுள்ள பென் தான் வரை அரைமணி நேரத்துக்குள், தலைக்குப் பதினெட்டாயிரம் டோங், அறுபது ரூபாய். பளிச்சென்ற ரயில். டோங் டு தெருவில் நம் ஊர் முஸ்லிம் வணிகர்கள் கட்டிய பள்ளிவாசலைப் பார்த்தோம், அங்கேயே பக்கத்தில் சாப்பிட்டோம். எனக்கு ஒரு வாய்கூட இறங்கவில்லை. இரண்டு மணிக்குத் திரும்பும் ரயிலில் ஏறினோம். பா சோன் நிலையம் தாண்டி ரயில் சுரங்கத்தைவிட்டு வெளிச்சத்துக்கு வந்தபோது கேட்டுவிட்டேன்.

“ஆபரேஷனை ஏன்டி என்கிட்ட சொல்லல?”

அவள் அதிரவில்லை. லாத்தா சொல்லியிருப்பார் என்று தெரிந்திருக்கிறது. “ஸ்கூல்ல கடல் இளவரசின்னு கூப்பிடுவாங்கன்னு பெருமையாச் சொன்னியே. ஏழாங்கிளாஸ்ல தினமும் என் பெஞ்சுல நியூஸ்பேப்பர் விரிச்சு வைப்பாங்க. எதுக்குன்னு தெரியுமா? நீ எழுதின அந்த ஒரு வரிக்கு யாரோ அர்த்தம் கண்டுபிடிச்சிட்டாங்க.”

“வீட்டுக்கு வந்து சொல்லியிருக்கலாமே, தாரு.”

“சொன்னா? ரெண்டாம் பாகத்துல நியூஸ்பேப்பர் வந்திருக்கும்.”

“நான் உன் அம்மாடி!”

“அம்மா மட்டும் வந்தா சொல்லியிருப்பேன். எழுத்தாளரும் கூடவே வருவாங்களே.” ஜன்னல் வழியே ஆற்றின் பக்கம் திரும்பினாள். பிறகு கேட்டாள். “நேத்து லாத்தா சொன்னதை எழுதிட்டியா?”

பொய் சொல்ல வாயெடுத்தேன், வரவில்லை. கைப்பையிலிருந்து நோட்டை எடுத்துக் கொடுத்தேன். இரண்டு வரியையும் நிதானமாகப் படித்தாள். “நல்லாத்தாம்மா இருக்கு” என்றாள். அவள் என்னை அறைந்திருந்தால்கூட அப்படி வலித்திருக்காது.

“நீயே வச்சுக்கோ. இனிமே உன்னைப் பத்தி எழுதவே மாட்டேன், சத்தியமா.”

“சத்தியமெல்லாம் பண்ணாத, உன்னால முடியாது. என்கிட்ட காட்டிட்டு எழுது. நான் வேணாம்னா எடுத்துரு. அவ்வளவுதான்.” நோட்டைத் தன் பையில் போட்டுக்கொண்டாள்.

அன் ஃபூ நிலையம் தாண்டியதும், என்ன ஆபரேஷன், ஏன், அந்த நாட்களில் எதற்குப் பயந்தாள் என்று அவளாகவே சொல்லத் தொடங்கினாள். பாதியில் ஹைடெக் பூங்கா நிலையம் வந்தது. நாங்கள் இறங்கவில்லை. கடைசி நிலையம் வரை போய் வேறு ரயிலில் திரும்பினோம். அதற்குக் கூடுதலாக ஏழாயிரம் டோங் ஆயிற்று.

மீதி இரண்டு நாளும் நான் எந்த இடத்தையும் பார்க்கவில்லை. அவள் வேலைக்குப் போனாள், நான் சமைத்தேன், துணி மடித்தேன். ஐந்தாம் பாகம் இப்போதும் நூற்றுப்பத்தாம் பக்கத்தில்தான் படுத்திருக்கிறது. கிடக்கட்டும். பதிப்பகத்துக்கு எழுதி, அடுத்த அச்சில் அந்தச் சமர்ப்பணத்தை எடுத்துவிடச் சொல்லியிருக்கிறேன்.

போகிறவர்களுக்குச் சில குறிப்புகள். பிப்ரவரி, மார்ச்சில் மழை இல்லை, வெயில் நம் திருச்சிக்காரர்களுக்குப் பழக்கம்தான். விமான நிலையத்தில் கொஞ்சம் மட்டும் பணம் மாற்றுங்கள். பூஜ்யங்களைப் பார்த்துப் பதறாமல் கடைசி மூன்றை விட்டுவிட்டு மூன்றால் பெருக்கினால் ஏறக்குறைய ரூபாய்க் கணக்கு வந்துவிடும். சைவர்கள் ‘சாய்’ என்ற பலகை இருக்கும் கடையைத் தேடுங்கள், அங்கே எல்லாமே சைவம். மற்ற கடைகளில் கீரைக்குள்ளும் மீன் சாறு இருக்கும். மத்தியானம் பன்னிரண்டிலிருந்து ஒன்றரை வரை பலர் படுத்துத் தூங்குவார்கள், அந்த நேரத்தில் வேலையாக யாரையும் தேடிப் போகாதீர்கள். பிள்ளைகளைப் பார்க்கப் போகிறவர்கள் முதல் நாளே அவர்கள் நண்பர்கள் வீட்டுக்கு ஒருமுறை போய்வாருங்கள். கதை சொல்ல அல்ல, கேட்க.

இந்தக் கட்டுரையை வெளியிடும் முன் தாரிணிக்கு அனுப்பினேன். “நீ பண்ணினதை நீ எழுதிக்கோ. என்னோடதைத் தொடாத” என்று சொல்லி, பாய், நியூஸ்பேப்பர், நோட்டு எல்லாவற்றையும் விட்டுவைத்து மூன்று பத்திகளை நீக்கச் சொன்னாள். அதில் ஒன்று நான் இருபது வருடத்தில் எழுதியவற்றிலேயே ஆகச் சிறந்த பத்தி, அடித்துச் சொல்வேன். ஒரு நாள் முழுக்க வைத்திருந்து, நகல்கூட எடுக்காமல் அழித்தேன். நேற்றுக் காலை அவளே கூப்பிட்டாள். நாற்பத்தொரு நிமிடம் பேசினாள். என்ன பேசினாள் என்பதை நீங்கள் எங்கேயும் படிக்கப்போவதில்லை.