கட்டைவிரலுக்கே தாங்காத ஹெல்மெட்

ஞாயிற்றுக்கிழமை திருவொற்றியூர் மைதானத்தில் என் மகளுக்கு பிஎம்எக்ஸ் சைக்கிள் ரேஸ். ஹெல்மெட் இல்லாமல் இறங்க விடமாட்டார்களாம். கையைக் கடிக்காத விலையில் ஒன்று வாங்கலாம் என்று இன்று மாலை ராயபுரத்தில் ஒரு ஹெல்மெட் கடைக்குப் போனேன்.

"சைக்கிளுக்கா, அக்கா? சைக்கிள எந்த போலீசு புடிக்கப் போறான்?" என்றார் கடைக்காரர்.

போலீசுக்காக இல்லை, மண்மேட்டில் ஏறித் தாவும்போது விழுந்தால் தலைக்கு அடிபடக் கூடாது என்றேன். தலைக்காக ஹெல்மெட் கேட்டு வந்த முதல் ஆள் நான்தான் போலிருக்கிறது. ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, இருப்பதிலேயே மலிவான ஒன்றை எடுத்து வைத்தார்.

கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்தேன். உள்ளே போன பள்ளம் அப்படியே நின்றுவிட்டது.

"அமுக்கிலாம் பாக்காதக்கா. மாட்டிக்கினு போறதுக்குத்தான் இத்த செஞ்சிகீறான்."

"விழுந்தா?"

"நல்ல வார்த்தையா பேசுக்கா. புள்ள இன்னாத்துக்கு வுழுவுது?"

அப்போதுதான் வாசலில் நின்ற அவருடைய பைக்கைப் பார்த்தேன். அதில் கனமான ஹெல்மெட் ஒன்று தொங்கியது. அமுக்கினேன், கல் மாதிரி இருந்தது. இது என்ன விலை என்று கேட்டேன்.

"அது விக்கிறதுக்கு இல்லக்கா, என்னுது. நானு டெய்லி எண்ணூர் ரோட்டுல கன்டெய்னர் லாரிங்க நடுவுல போய் வர்றவன்."

வெறுங்கையோடு திரும்பிவிட்டேன். ஊரார் தலைக்கு விற்கிற ஹெல்மெட்டையே தன் தலையிலும் மாட்டிக்கொள்கிற கடைக்காரர் யாராவது இந்தப் பக்கம் இருந்தால், ஞாயிறுக்குள் சொல்லுங்கள்.