ஏழாவது பொட்டலம்

மருந்துப் பகுப்பாய்வு பாடம் நடத்துகிறவனுக்கு ஊரில் இரண்டு விதமான மரியாதை உண்டு. பாதிப் பேர் அவனை டாக்டர் என்று நினைத்து நாக்கை நீட்டிக் காட்டுவார்கள். மீதிப் பேர், மெடிக்கல் ஷாப் வைக்க வழியில்லாமல் வாத்தியாராகிப் போனவன் என்று நினைப்பார்கள். இரண்டாவது தரப்பு உண்மைக்குக் கொஞ்சம் பக்கத்தில் இருக்கிறது.

வேலூருக்கு வெளியே ஒரு பார்மசி கல்லூரியில் எனக்கு இருபது வருடம் ஓடிவிட்டது. அதில் பதினோரு வருடம் ஆவாரம்பூவோடு ஓடியது. பூவின் சாற்றைக் காய்ச்சி, மாத்திரையாக்கி, சர்க்கரை நோய்க்குக் கொடுப்பதுதான் என் ஆராய்ச்சி. இந்தப் பக்கம் அந்தச் செடிக்குப் பஞ்சமில்லை. முன்பு அதன் பட்டையை வைத்துத்தான் இங்கே தோல் பதனிட்டார்கள். தோலுக்கு அது பிரமாதமாக வேலை செய்தது. என் எலிகளுக்குச் சுமாராக வேலை செய்தது. மாத்திரையோ, அச்சில் அழுத்திய மறு மாதமே ஈரம் குடித்து நமுத்த அப்பளமாகிவிடும். சக ஆசிரியர்கள் என்னை ‘பூ வாத்தியார்’ என்று அழைப்பது எனக்குத் தெரியாது என்று அவர்கள் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

இந்த நிலையில்தான் பாய் வந்தார். பள்ளிக்கூடத்தில் என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர். இப்போது மேல்விஷாரத்தில் ஷூவுக்கு மேல்பாகம் தைக்கிற யூனிட்டில் சூப்பர்வைசர். எட்டு வருடமாகச் சர்க்கரை. என் ஆய்வுக்கூட மேஜைமேல் வெள்ளைத்தாள் பொட்டலங்களை அடுக்கினார். பெயர் கிடையாது, சீட்டு கிடையாது. மடிப்பில் பச்சை நிறத்தூள் கசிந்திருந்தது.

“இன்னா பாய் இது?”

“திருப்பத்தூர் பக்கத்துல இருந்து ஒரு ஆளு கொண்டாந்து தர்றாரு வாத்தியாரே. மலை மூலிகையாம். பத்து நாளா துன்றேன். சக்கரை இருநூத்தி இருபதுல இருந்து நூத்தி நாப்பதுக்கு வந்துடுச்சு. நீ பதினோரு வருசமா பூ பறிக்கிறியே, ஒரு நாள் இப்டி எறக்கிக் காட்னியா?”

“உன் டாக்டர்கிட்ட சொன்னியா?”

“இதுல இன்னா இருக்குது சொல்றதுக்கு? இது மருந்தா? தழை.”

அந்த ஒரு சொல்லில் நான் நின்று யோசித்திருக்க வேண்டும். தழை என்று நினைப்பதை யாரும் டாக்டரிடம் சொல்வதில்லை. ஆனால் எனக்குள் வேறொரு கணக்கு ஓடியது. எண்பது புள்ளி இறங்கியிருக்கிறது. என் பூ செய்யாததை யாரோ ஒருவனுடைய தழை செய்கிறது. அது என்ன செடி என்று நான் முதலில் கண்டுபிடித்தால்? ஆய்வுக் கட்டுரையின் தலைப்பைக்கூட மனதில் எழுதிவிட்டேன். தலைப்பு எழுதுவதில் நான் எப்போதும் வேகம்.

பத்துப் பொட்டலம் எடுத்துக்கொண்டேன். மற்றவற்றை அவரே வைத்துக்கொண்டார்.

எங்கள் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. பத்துப் பொட்டலம் வந்தால் பத்திலும் சமமாகக் கொஞ்சம் எடுத்து ஒன்றாகக் கலந்து, அந்தக் கலவையைத்தான் சோதிப்போம். சராசரி கிடைக்கும், மெஷினுக்கு வேலை மிச்சம். மாணவர்களுக்கு இருபது வருடமாக நான் சொல்லிக்கொடுப்பதும் இதுதான். எங்கள் ஆய்வுக்கூட உதவியாளர், என்னைவிட மூன்று வயது மூத்த அம்மா, உரலில் நான் எல்லாவற்றிலிருந்தும் கொஞ்சம் கொஞ்சம் கொட்டுவதைப் பார்த்துவிட்டு, “தனித்தனியா போடலாமே சார்?” என்றார். “பத்து தடவை ஓட்டணுமே மேடம்” என்றேன். அவர் ஒவ்வொரு பொட்டலத்திலும் மீந்ததை அப்படியே மடித்து எண் போட்டு அலமாரியில் வைத்தார்.

அந்த மெஷின் ஒரு கலவையில் இருப்பதைப் பிரித்து, ஒவ்வொரு பொருளுக்கும் அதனதன் நேரத்தில் தாளில் ஒரு மேட்டை வரையும். செடிக்குரிய மேடுகள் நிறைய வந்தன. அவற்றுக்கு நடுவே, பதினோராவது நிமிடத்தில், எறும்புப் புற்று அளவுக்கு ஒரு சின்ன மேடு. அந்த நிமிடம் எனக்குப் பழக்கமான நிமிடம். பழைய சர்க்கரை மாத்திரை ஒன்று சரியாக அங்கேதான் வரும். மலிவானது, வேகமானது, சாப்பிட்டவர் வயிறு காலியாக இருந்தால் ரத்தத்தில் இருக்கிற சர்க்கரையைத் தரைமட்டம்வரை இழுத்துக்கொண்டு போகும்.

ஆனால் அதே மாத்திரையைத்தான் எங்கள் மாணவர்கள் அந்த மெஷினில் செய்முறைக்காக ஓட்டுவார்கள். அவர்கள் ஓட்டியதில் ஒட்டிக்கொண்ட மிச்சம் என்று முடிவுகட்டினேன். முடிவுகட்ட எனக்கு அரை நிமிடம்கூட ஆகவில்லை. மேடு சின்னதாக இருந்தது. என் ஆசை பெரியதாக இருந்தது.

ஆய்வுக்கூடத் தாளில் எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தேன்: தாவரப் பொருள்கள் மட்டுமே காணப்படுகின்றன. பாய் அதை இரண்டு தடவை படித்தார்.

“அப்ப துன்னலாமா?”

“நிறுத்தாத பாய். தினம் காலைல சக்கரை பாத்து எனக்கு அனுப்பு.” அவரை எலியாக்கிக்கொண்டேன் என்பது அப்போது தோன்றவில்லை. எலிகளிடம்கூட நாங்கள் அனுமதிக் குழு வைத்துத்தான் பேசுகிறோம்.

எண்கள் வந்தன. நூற்று முப்பது. நூற்றுப் பத்து. ஒரு நாள் எண்பத்தைந்து. மறுநாள் நூற்று அறுபது. ஏன் இப்படி ஏறி இறங்குகிறது என்று கேட்க வேண்டிய நான், ஏறியதற்கு பிரியாணியைக் குற்றம் சொன்னேன். எழுபத்தெட்டு வந்த நாளில் கட்டைவிரலை உயர்த்திய பொம்மை அனுப்பினேன்.

பிறகு ரமலான் பிறந்தது. எண்கள் நின்றன. போன் செய்தபோது, “நோன்புல ரத்தம் எடுக்கறது எனக்கு மனசு ஒப்பல வாத்தியாரே. பொடி மட்டும் சஹருக்கு அப்புறம் கரெக்டா போட்டுக்கறேன். டாக்டரு மாத்திரையைக் கம்மி பண்ணிட்டாரு, பொடிதான் தாங்குது” என்றார். நானும் சரி என்றேன். விடிவதற்கு முன் சாப்பாடு, அதன்மேல் பொடி, பிறகு பொழுது சாயும்வரை ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது. ஒரு மருந்தியல் மாணவனுக்குத் தேர்வில் இந்தக் கேள்வியைக் கொடுத்தால் அவன் அலறிவிடுவான். நான் தேர்வு எழுதவில்லையே, தாள் திருத்துகிறவன்.

மூன்றாவது வாரம் ஒரு பிற்பகல், கட்டுரைக்குத் தேதி வேண்டுமென்று மெஷின் பதிவேட்டைக் கேட்டேன். யார் எப்போது என்ன ஓட்டினாலும் அதில் எழுத வேண்டும். உதவியாளர் அம்மா கொண்டுவந்து விரித்தார்.

“இதுக்கு முன்னாடி பசங்க ஓட்டினது எங்க மேடம்?”

“பசங்க ஓட்டலையே சார். அப்ப விளையாட்டு விழா. நீங்க ஓட்டறதுக்கு மொத நாள்தான் மெஷினுக்குப் புதுக் குழாய் மாட்டினோம். அதுல மொதல்ல போனதே உங்க பொடிதான்.”

புதுக் குழாயில் மிச்சம் இருக்க முடியாது.

அவர் என் முகத்தைப் பார்த்தார். அலமாரியைத் திறந்து, எண் போட்ட பொட்டலங்களை எடுத்து மேஜையில் வைத்தார். தனித்தனியாக ஓட்ட ஆரம்பித்தோம். ஒன்றில் செடி. இரண்டில் செடி. ஆறுவரை வெறும் செடி. ஏழாவதில், பதினோராவது நிமிடத்தில், கோடு எழுந்தது, எழுந்துகொண்டே போனது, தாளின் மேல் விளிம்பில் முட்டித் தட்டையாக நின்றது. கையால் கலந்தவன் மாத்திரைத்தூளை ஒழுங்காகக் கலக்கவில்லை. சில பொட்டலத்தில் ஒன்றுமில்லை, சிலவற்றில் நாலைந்து பேருக்கானது. பத்தையும் ஒன்றாகக் கொட்டி அந்த மலையை எறும்புப் புற்றாக்கியவன் நான்.

பாய் போனை எடுக்கவில்லை. மூன்று தடவை அடித்துவிட்டு பைக்கை எடுத்தேன்.

யூனிட் வாசலில் ஒரு தையல்காரர் என்னைத் தடுத்தார். “இன்னைக்கு உள்ள போவாதீங்க சார். பாய் மத்தியானத்துல இருந்து ஒரே பேஜார் பண்றாரு. நோன்பு, இந்த வெயிலு, அதான். தொறந்தா சரியாய்டும்.”

பாய் மின்விசிறிக்கு நேர் கீழே நின்று, சட்டை ஈரமாக ஒட்ட, ஒரு ஜோடித் தோல் துண்டைப் பிடித்துக்கொண்டு இரண்டும் இடது கால் என்று கத்திக்கொண்டிருந்தார். ஒன்று வலது. கை நடுங்கியது. என்னைப் பார்த்து, “யாரு நீ? ஆர்டருக்கு வந்தியா?” என்றார்.

“சக்கரைத் தண்ணி கொண்டாங்க. சீக்கிரம்” என்றேன்.

யாரும் அசையவில்லை. “இன்னும் நாப்பது நிமிசம்தான் சார் இருக்குது” என்றார் தையல்காரர், என்னிடம் கெஞ்சுவதுபோல. “இத்தினி நாள் பிடிச்சிட்டாரு. கடைசில கெடுக்காதீங்க.” அவர்கள் அவருக்கு நல்லது செய்துகொண்டிருந்தார்கள். பாயும் பல்லைக் கடித்து வாயை மூடிக்கொண்டார். பெஞ்சின்மேல் நோன்பு திறக்க சர்பத் ஜாடி தயாராக இருந்தது. நான் அதை நோக்கிப் போனால் அடிப்பார்கள்போல இருந்தது. என் பெயரும் நெற்றித் திருநீறும் அந்த நேரத்துக்கு உதவவில்லை.

நூல் வெட்டும் மேஜையிலிருந்து ஒரு அம்மா எழுந்தார். அவரும் நோன்பு. “உசுருக்கு மேலயாடா நோன்பு? அப்புறம் ஒரு நாள் பிடிச்சிக்கிலாம்” என்று தையல்காரரை விலக்கி, சர்பத்தை டம்ளரில் ஊற்றி, பாயின் தாடையைக் குழந்தைக்குச் செய்வதுபோலப் பிடித்துப் புகட்டினார். பாதி தாடியில் வழிந்தது. பாதி உள்ளே போனது.

ஆஸ்பத்திரியில் டாக்டர், “இந்த மாத்திரை உடம்புல ரொம்ப நேரம் நிக்கும். ஏத்தினா மறுபடி எறங்கும். நாளைக்கு வரைக்கும் மணிக்கு ஒரு தடவை குத்திப் பாக்கணும்” என்றார். குளுக்கோஸ் ஏறிய பிறகு பாய் என்னை அடையாளம் கண்டார். நான் நடந்ததைச் சொன்னேன். அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“வாத்தியாரே, பொடில பாதி நான் குடுத்துட்டேன்.”

“யாருக்கு?”

“எங்க பழைய வேன் டிரைவரு. திமிரி ஊர்ல இருக்கிறாரே. அவருக்கும் சக்கரை. மொதல்ல பயந்தாரு. உன் பேப்பரைக் குடுத்தப்புறம்தான் வாங்கினாரு.”

பாயின் போனிலிருந்தே டிரைவருக்கு அடித்தேன். நாலாவது மணியில் எடுத்தார். நான் யாரென்று சொன்னதும் குரலில் மரியாதை வந்தது. “பொடி நல்லா கேக்குது சார். ரெண்டு நாளா வேர்த்து வேர்த்து ஊத்துது. உடம்புல இருக்கிற கெட்டதெல்லாம் வெளிய போவுதுன்னாரு அந்த ஆளு. இப்பதான் கொஞ்சம் கண்ணு இருட்டுது.”

“வீட்ல யாரு இருக்காங்க?”

“எல்லாம் கல்யாணத்துக்கு போய்ட்டாங்க.”

“உடனே ரெண்டு கை சக்கரை அள்ளித் துன்னுங்க.”

“இன்னா சார் நீங்களே இப்டி சொல்றீங்க? சக்கரைக்காரன் சக்கரை துன்னலாமா?” சிரித்தார். சிரிப்பு குழறியது. “நீங்கதான சார் டெஸ்ட் பண்ணி எழுதிக் குடுத்தது.”

“அது தப்புங்க. நான் எழுதினது தப்பு.” இருபது வருடத்தில் நான் அப்படி ஒரு வாக்கியத்தை உரக்கச் சொன்னதில்லை. நர்ஸ் திரும்பிப் பார்த்தார்.

போனை வைக்கவேண்டாம் என்று சொல்லி, ஸ்பீக்கரில் போட்டுச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பைக்கில் கிளம்பினேன். “இருக்கீங்களா?” என்று கத்துவேன். “ம்” என்பார். ஆற்காடு தாண்டும்வரை ‘ம்’ வந்தது. அதற்குப் பிறகு நான் மட்டும் கத்திக்கொண்டே போனேன்.

பிழைத்தார். ஆனால் ஆறு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தார். இப்போதும் பேசும்போது நடுவில் நின்றுவிடுகிறார். பேரன் பெயரைச் சொல்ல நேரமாகிறது. பாய் மறு வாரம் யூனிட்டுக்குப் போய்விட்டார். மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலகத்தில் நான் எழுத்து மூலம் புகார் கொடுத்தேன். என் தவற்றையும் சேர்த்தே எழுதினேன். பொடி கொடுத்த ஆளின் பெயரும் முகவரியும் கேட்டார்கள். பாயிடம் இருந்தது அந்த ஆளின் போன் எண் மட்டும்தான், அதுவும் அணைந்து கிடந்தது.

டிரைவர் தேறிய பிறகு, என் தாளைத் திரும்ப வாங்க திமிரிக்குப் போனேன். அவர் வெகுநேரம் யோசித்தார். பிறகு நினைவு வந்ததில் அவர் முகம் மலர்ந்தது.

“அது என்னான்ட இல்ல சார். நான் ஆஸ்பத்திரிக்கு போறதுக்கு முன்னாடி அந்தப் பொடி ஆளு ஒரு தபா வந்தப்ப காட்னேன். பாத்துட்டு, நான் வெச்சிக்கவான்னு கேட்டாரு. குடுத்துட்டேன்.”

போன வாரம் தெரியாத எண்ணிலிருந்து ஒரு பெண் கூப்பிட்டார். ஆம்பூரிலிருந்து பேசுவதாகச் சொன்னார். கல்லூரி பெயரையும் என் பெயரையும் தாளைப் பார்த்துப் படிப்பதுபோல எழுத்துக்கூட்டிச் சொன்னார். நான்தான் என்றேன்.

“எங்க அம்மாவுக்குங்க சார். நீங்க டெஸ்ட் பண்ண பொடி. காலைல வெறும் வயித்துல குடுக்கணுமா, சாப்ட்டப்புறம் குடுக்கணுமா?”