மொன்றியலில் சமஷ்டி

நியூயார்க்கிலிருந்து இரவெல்லாம் உட்கார்ந்தே வந்ததில் கால்கள் வீங்கியிருக்கின்றன. நகரின் லாசால் பகுதியிலிருந்து தோழி வந்து அழைத்துப்போகும் வரை கனடாவின் மொன்றியல் பேருந்து நிலையத்தில் காப்பியோடு காத்திருக்கிறேன்.

காப்பி விற்கும் அன்ரன் இலங்கையின் மன்னார்க்காரர். நான் மதுரையில் அரசியல் பாடம் நடத்துகிறேன், அமெரிக்க அரசியல் சாசனம் பற்றிய வகுப்புக்கு நியூயார்க் வந்தேன் என்றதும் மேசை துடைப்பதை நிறுத்துகிறார்.

"அக்கா, ஒண்டு கேக்கட்டே? அங்கை மாநிலத்தின்ரை அதிகாரத்தை வாஷிங்டன் நினைச்சாப் பறிக்க ஏலுமோ?"

"முடியாதுங்க. அது சாசனத்துலயே இருக்கு. அதை மாத்தணும்னா முக்கால்வாசி மாநிலங்களும் சம்மதிக்கணும்."

அவர் முகம் மலர்கிறது. இலங்கையில் சண்டை நின்று, சமஷ்டி எனும் கூட்டாட்சி பற்றி அரசும் புலிகளும் பேச்சு நடத்தும் நேரம் இது. பிள்ளைகளோடு ஊருக்கே திரும்பிவிடலாம் என்று மனைவி தினமும் சொல்கிறாராம். இவருக்குத்தான் பயம்.

"மீறிப் பறிச்சா?"

"மாநிலம் கோர்ட்டுக்குப் போகும். கோர்ட் தடுத்துடும்."

"கோர்ட் சொன்னா ஆமி கேக்குமோ?"

ராணுவம் கேட்குமா என்று வகுப்பில் யாரும் கேட்கவில்லை. கேட்கத் தோன்றவும் இல்லை.

"அங்க கேக்கும்," என்கிறேன்.

"அங்கை," என்று மெதுவாகத் திருப்பிச் சொல்கிறார்.

கொஞ்ச நேரத்தில் மனைவியோடு போனில் பேசுகிறார். "ஓமப்பா, சமஷ்டி நல்ல திட்டம்தான். ஆனா பிள்ளையள் இஞ்சையே படிக்கட்டும். பிறகு பாப்பம்."

மறுமுனையில் அழுகை கேட்கிறது. போனைக் காதிலேயே வைத்தபடி என் காலிக் கோப்பையை எடுத்துப் போகிறார்.