ஹிலாரஸ் எடுத்துக் கொடுத்த வரி

ரோமில் கூட்டத்தைக் கத்த வைப்பதுதான் ஹிலாரஸின் பிழைப்பு. சந்தைத் திடலில் படியேறி நின்று வலது கையைத் தூக்கினால் சத்தம் அடங்கும். பாதி வரியை அவன் சொல்வான், மீதியைக் கூட்டம் கத்தும். யாருக்கு வாழ்த்து, யாருக்கு வசவு என்பதெல்லாம் கூலி கொடுக்கிறவர் பாடு. தொண்டை மட்டும்தான் அவனுடையது.

அன்றைக்குக் கோதுமைக் கப்பல் வரவில்லை. ரொட்டிக் கடைகளெல்லாம் பலகையைச் சாத்திவிட்டன. ஊரே தெருவில் நின்றது.

"கோதுமை எங்க?" என்று ஹிலாரஸ் கேட்டான். செனட் தின்றுவிட்டது என்று கத்த வேண்டும், அதற்குத்தான் கூலி. இரண்டு தடவை அப்படித்தான் கத்தினார்கள். மூன்றாவது தடவை பின்னாலிருந்து எவனோ, "கார்விலியஸ் வீட்டுல!" என்றான். கூட்டம் அதைப் பிடித்துக்கொண்டு நகர ஆரம்பித்தது.

தானிய வியாபாரி கார்விலியஸ் ஹிலாரஸின் பழைய எஜமான். அடிமையாக இருந்த அவனை விடுதலை செய்தவர், அவன் மகள் பிரீமாவை விடுவிக்கவில்லை. அவள் இன்னும் அந்த வீட்டில் மாவரைக்கும் அடிமை.

குறுக்குச் சந்தில் விழுந்தடித்து ஓடிக் கதவைத் தட்டினான். வாயில்காவலன் டாமா துவாரம் வழியாகப் பார்த்தான்.

"டாமா, எம் பொண்ண மட்டும் வெளிய விடுடா."

"கூட்டத்தக் கூட்டிட்டு வந்ததே நீதான?"

"நான் கூட்டிட்டு வரலடா. அதுவா வருது."

"இத எவன் நம்புவான்? மொதல்ல நிறுத்து, அப்பறம் தொறக்கிறேன்."

உள்ளேயிருந்து பிரீமா, "அப்பா" என்றாள்.

அவன் திரும்பினான். தெரு நிறைந்துவிட்டது. முன்வரிசை முழுக்க அவன் பழக்கி வைத்த ஆட்கள். வலது கையைத் தூக்கினான். சட்டென்று அமைதி. அவனுக்கு உயிர் வந்தது. இங்கே ஒன்றுமில்லை, போங்கள் என்று சொல்ல வாயெடுத்தான்.

"இந்த வீட்டுல—"

"கோதுமை!" என்றது கூட்டம்.

முதுகுக்குப் பின்னால் டாமா கதவுக்குக் குறுக்குக்கட்டை போடுகிற சத்தம் கேட்டது. அவன் மறுபடி கத்தினான், கெஞ்சினான். அவன் வாயசைவதற்கெல்லாம் அவர்கள் கோதுமை, கோதுமை என்றார்கள்.

பட்டப்பகலில் ஒரு தீப்பந்தம் கைமாறிக் கைமாறி முன்னால் வந்தது. மீன்காரி ஒருத்தி அதை வாங்கி அவனிடம் நீட்டினாள்.

"நல்லா எடுத்துக் குடுத்தீங்கண்ணே. இதையும் நீங்களே ஆரம்பிங்க."

அவன் வாங்கிக்கொண்டான். தன் கையில் இருக்கிறவரை அது கதவில் படாது. அதற்குள் பின்வரிசையிலிருந்து அடுத்த பந்தம் புறப்பட்டிருந்தது.